ஒளி நேராகத்தான் போகிறது, கணக்குதான் மாறுகிறது



கடந்த ஆண்டு நம் கழகத்தின் சார்பில் ஜொகூரில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் முகாம் நடத்தினோம். லேசரைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. 'நேரியலற்ற ஒளியியல்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுப் பேசினேன். பேசி முடித்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"அக்கா, ஒளி நேராத்தானே போகும்னு டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க. அப்போ இந்த ஒளி வளைஞ்சு போகுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "இல்லை தம்பி, அது வேற" என்று மட்டும் சொல்லி மழுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கிய ஒரு பாடத்தைத் தமிழில் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பாடம் எனக்கே சரியாகப் புரிந்திருக்கிறதா என்ற ஐயம் அன்று வந்தது. அந்த மாணவனுக்கு நான் தரவேண்டிய பதில்தான் இக்கட்டுரை. மீவிரைவு லேசர் பட்டவுடன் குறைக்கடத்தி நானோ அமைப்புகள் எவ்வாறு புதிய ஒளியை வெளியிடுகின்றன என்பதை, வேறு துறைகளில் பயிலும் நண்பர்களும் பின்தொடரும் வகையில் எழுத முயன்றிருக்கிறேன்.

ஒரே சொல்லில் இரண்டு பொருள்

மலாய்மொழியில் ஒளி செல்லும் பாதையைச் சொல்ல 'லூருஸ்' என்ற சொல் இருக்கிறது. கணிதத் தொடர்பைச் சொல்ல 'லினியர்' என்ற வேறு சொல் இருக்கிறது. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள்தாம். தமிழில் மட்டும் 'நேர்கோடு', 'நேரியல்' என இரண்டும் 'நேர்' என்னும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. எனவே அந்த மாணவன் குழம்பியதில் வியப்பில்லை. அவன் சொல்லைச் சரியாகவே கவனித்திருக்கிறான்.

நேரியல் என்பது பாதையைப் பற்றிய சொல் அன்று. அது கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள கணக்கைக் குறிக்கும். ஒரு பொருளின்மீது விழும் ஒளியை இரண்டு மடங்காக்கினால் அதிலிருந்து வெளிவரும் ஒளியும் இரண்டு மடங்கானால் அது நேரியல். வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். இரண்டு மடங்கு கொடுக்கும்போது நான்கு மடங்கோ எட்டு மடங்கோ வெளிவந்தால் அது நேரியலற்றது. அப்போதும் ஒளி நேராகத்தான் போகிறது. கணக்குதான் நேராகப் போகவில்லை.

ஒலிபெருக்கி கரகரப்பது ஏன்?

கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஒலியளவைக் குறைத்து வைத்தால் நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே கேட்கும். அளவுக்குமேல் கூட்டினால் கரகரக்கும். அந்தக் கரகரப்பில் மூலப் பாடலில் இல்லாத புதிய சுரங்கள் கலந்திருக்கின்றன. ஒலிபெருக்கியின் சவ்வு சிறிதாக அசையும்போது மின்சாரம் சொன்னபடி அசைகிறது. மிகப் பெரிதாக அசைக்க முயலும்போது அதனால் முழுமையாக ஈடுகொடுக்க முடிவதில்லை. அதன் அசைவு மூல அலையின் வடிவத்திலிருந்து விலகுகிறது. அந்த விலகலே புதிய சுரங்களாகக் கேட்கிறது. அவற்றுள் ஒன்று மூலச் சுரத்தைப் போல் இரண்டு மடங்கு அதிர்வெண் உடையது. இசை கற்றவர்கள் மொழியில் சொன்னால், கீழ் 'ச' பாடும்போது மேல் 'ச' தானாகச் சேர்ந்துகொள்கிறது.

படிகத்தில் உள்ள எலெக்ட்ரான்களும் இப்படித்தான். சாதாரண விளக்கொளியில் அவை ஒளி அசைத்தபடி அசைந்து அதே நிறத்தைத் திருப்பித் தருகின்றன. மிக வலிமையான ஒளி வந்தால் அவற்றின் அசைவு வடிவம் மாறி இரண்டு மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒளியும் பிறக்கிறது. அதிர்வெண் இரண்டு மடங்கானால் அலைநீளம் பாதியாகும். இதனை இரண்டாம் இசைய ஒளி என்று அழைக்கலாம்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி தடைபடும் அசைவில் மூன்று, ஐந்து போன்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே தோன்றும். இரண்டு மடங்கு தோன்ற வேண்டுமானால் முன்னுக்கும் பின்னுக்கும் வேறுபாடு இருக்கவேண்டும். அதனால்தான் காலியம் ஆர்செனைடு, துத்தநாக ஆக்சைடு, காட்மியம் செலனைடு போன்ற மையச் சமச்சீர் இல்லாத படிகங்கள் இரண்டாம் இசையத்தைத் தருகின்றன. சிலிக்கன் படிகத்தின் உட்பகுதிக்கு மையச் சமச்சீர் இருப்பதால் அது தருவதில்லை. அதன் மேற்பரப்பில் மட்டுமே அந்தச் சமச்சீர் உடைகிறது.

லேசர் 1960இல் பிறந்தது. அடுத்த ஆண்டே, 1961இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் 694 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் குவார்ட்சுப் படிகத்தில் செலுத்தி 347 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பெற்றனர். ஒளிப்படத் தகட்டில் அது மிகச் சிறிய புள்ளியாகத்தான் பதிந்தது. ஆய்விதழில் அச்சானபோது அந்தப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து நீக்கிவிட்டார்கள். இன்றும் அக்கட்டுரையில் ஓர் அம்புக்குறி வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ராமன் கண்டது இதுவா?

நிறம் மாறும் ஒளி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி.வி. ராமன். அவரும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் 1928 பிப்ரவரியில் கண்ட விளைவில், பொருளில் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி வேறு நிறத்துடன் வெளிவருகிறது. 1930இல் அதற்காக ராமன் நோபல் பரிசு பெற்றார். தொடக்கத்தில் அவர்கள் பயன்படுத்தியது சூரிய ஒளியையும் நிறவடிப்பான்களையும்தான்.

சூரிய ஒளியே போதுமானதாக இருந்தது என்பதில்தான் நாம் தேடும் வேறுபாடு இருக்கிறது. ராமன் சிதறலில் ஒரு ஃபோட்டான் வந்து, மூலக்கூற்றுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ, ஒரு ஃபோட்டானாக வெளியேறுகிறது. ஒன்று வந்தால் ஒன்று. ஆகவே ஒளியை இரண்டு மடங்காக்கினால் ராமன் ஒளியும் இரண்டு மடங்குதான். நிறம் மாறியது, ஆனால் கணக்கு மாறவில்லை. இரண்டாம் இசையத்தில் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. அங்கே கணக்கும் மாறுகிறது. நிறம் மாறுவதை மட்டும் வைத்து நேரியலற்றது என்று முடிவுசெய்யக் கூடாது என்பதை ராமனை வைத்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஏன் மீவிரைவு லேசர்?

தோட்டத்துச் சேற்றில் ஒரு கார் சிக்கிக்கொண்டது. தனி ஒருவர் தள்ளினால் நகராது. காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் தள்ளினாலும் நகராது. இருவரும் ஒரே கணத்தில் தள்ளினால் நகரும். இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து ஓர் எலெக்ட்ரானை மேலேற்றுவதும் இதைப் போன்றதே. ஒன்று வந்து போவதற்குள், ஏறத்தாழ ஒரு ஃபெம்டோ விநாடிக்குள், மற்றதும் வந்தாக வேண்டும். இது நடக்கக்கூடியது என்று ஜெர்மனியின் மரியா கோப்பர்ட் மேயர் 1931இல் வெளிவந்த தம் முனைவர் பட்ட ஆய்வில் கணித்தார். போதிய வலிமையுள்ள ஒளி இல்லாததால் அவருடைய கணிப்பு லேசர் வரும்வரை, 1961வரை, காத்திருந்தது.

ஃபெம்டோ விநாடி என்பது ஒரு விநாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பகுதி. 100 ஃபெம்டோ விநாடியில் ஒளிகூட 30 மைக்ரோமீட்டர் தூரம்தான் செல்லும். அது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

இனி ஒரு கணக்கு. ஆய்வகங்களில் வழக்கமாகக் காணப்படும் டைட்டானியம்-நீலக்கல் லேசரை எடுத்துக்கொள்வோம். சராசரித் திறன் 1 வாட், விநாடிக்கு 8 கோடி துடிப்புகள், ஒவ்வொரு துடிப்பும் 100 ஃபெம்டோ விநாடி. ஒரு துடிப்பில் உள்ள ஆற்றல் 12.5 நானோஜூல்தான். அதை 100 ஃபெம்டோ விநாடிக்குள் அடக்கினால் உச்சத் திறன் 125 கிலோவாட் ஆகிறது. சராசரியைப் போல் 1,25,000 மடங்கு! இரண்டு ஃபோட்டான் நிகழ்வு செறிவின் இருமடியைச் சார்ந்தது. ஆகவே அதே 1 வாட்டைத் தொடர்ச்சியாகச் செலுத்தினால் கிடைப்பதைவிட 1,25,000 மடங்கு அதிக ஒளி கிடைக்கிறது. சராசரி 1 வாட்தான் என்பதால் மாதிரிப் பொருள் பெரும்பாலும் கருகாமலும் தப்பிக்கிறது. ஒரு மாத மழை முழுவதும் ஒரே நிமிடத்தில் கொட்டினால் ஆறு எப்படிப் பெருகுமோ, அப்படி.

குறைக்கடத்தியும் நானோ அளவும்

ஒரு குறைக்கடத்தி ஒளியை உட்கொள்ள வேண்டுமானால் அதன் ஆற்றல் இடைவெளியை எலெக்ட்ரான் தாண்டவேண்டும். 800 நானோமீட்டர் லேசரின் ஒரு ஃபோட்டானில் 1.55 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. காட்மியம் செலனைடின் இடைவெளி ஏறத்தாழ 1.74. ஒரு ஃபோட்டான் போதாது, இரண்டு போதும். துத்தநாக ஆக்சைடின் இடைவெளி ஏறத்தாழ 3.37. இரண்டு சேர்ந்தாலும் 3.1தான், எனவே மூன்று தேவை. ஏறிய எலெக்ட்ரான் பிறகு இறங்கும்போது இடைவெளிக்கு ஏற்ற நிறத்தில் ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு உள்ளே போகிறது, கண்ணுக்குத் தெரியும் நிறமோ புற ஊதாவோ வெளியே வருகிறது.

பொருளை நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினால் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, சில நானோமீட்டர் அளவே உள்ள குவாண்டம் புள்ளியில் எலெக்ட்ரான் நெருக்கப்படுவதால் ஆற்றல் இடைவெளி பெரிதாகிறது. ஒரே காட்மியம் செலனைடு, சிறு புள்ளியானால் நீலப்பக்கமாகவும் பெரும் புள்ளியானால் சிவப்பாகவும் ஒளிரும். இத்தகைய புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக எக்கிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, பெரிய படிகத்தில் உள்ள ஒரு தொல்லை நானோ அளவில் நீங்குகிறது. படிகத்துக்குள் மூல ஒளியும் இரண்டாம் இசைய ஒளியும் வேறுவேறு வேகத்தில் செல்கின்றன. சிறிது தூரத்தில் இரண்டும் அடி தவறி, முன்னால் பிறந்த ஒளியைப் பின்னால் பிறந்த ஒளியே அழித்துவிடும். அதைத் தவிர்க்கப் படிகத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் வெட்டவேண்டும். நானோ அமைப்பு மிகச் சிறியது. அடி தவறுவதற்குள் ஒளி வெளியேறிவிடுகிறது.

ஆனால் பொருள் குறைவாக இருப்பதால் ஒளியும் குறைவாகத்தானே வரும்? அதற்கு வழி ஒத்ததிர்வு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தட்டுவதுபோல, நானோ தூண்களின் அளவைச் சரியாக அமைத்தால் ஒளி அவற்றுக்குள் தேங்கி வலுப்பெறும். 2016இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடக் குழுவினர் காலியம் ஆர்செனைடில் இப்படி வரிசையாக நானோ அமைப்புகளைச் செய்து, செதுக்காத அதே பொருளைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு இரண்டாம் இசையத்தைப் பெற்றனர். 2018இல் இரண்டு அகச்சிவப்புத் துடிப்புகளை ஒரே நேரத்தில் செலுத்தி 11 புதிய அதிர்வெண்களை ஒரே மேற்பரப்பிலிருந்து எடுத்துக் காட்டினர்.

என் வரைபடம் சொன்ன உண்மை

ஒளி வருகிறது என்பது சரி. அது எந்த ஒளி என்று எப்படி அறிவது? இங்கே என் சொந்தத் தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

நானோ அமைப்புகளுக்குப் போகும் முன், ஒரு பயிற்சியாகப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டுத் தூளின்மீது 1064 நானோமீட்டர் லேசரைச் செலுத்தி 532 நானோமீட்டர் பச்சை ஒளியை அளந்தேன். 1968இல் கர்ட்சும் பெர்ரியும் வகுத்த தூள்முறை இது. பச்சை கண்ணுக்கே தெரிந்தது. உணர்கருவியும் நல்ல எண்களைக் காட்டியது. மகிழ்ச்சியோடு மடக்கை வரைபடம் வரைந்தேன். அதில் கோட்டின் சரிவு, எத்தனை ஃபோட்டான்கள் சேர்கின்றன என்பதைச் சொல்லும். இரண்டு வரவேண்டும். எனக்கு வந்தது 1.2.

இரண்டு நாள் கணக்கைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிழை கணக்கில் இல்லை. நான் வைத்த பச்சைக் கண்ணாடி வடிப்பான் அகச்சிவப்பையும் உள்ளே விட்டிருக்கிறது. என் கண்ணுக்குப் பச்சை மட்டும் தெரிந்தது, உணர்கருவிக்கோ லேசரே தெரிந்தது. அகச்சிவப்பைத் தடுக்கும் இன்னொரு வடிப்பானைச் சேர்த்ததும் எண்கள் பெரிதும் குறைந்தன. சரிவு 1.9க்கு வந்தது. ஃபிராங்கனின் உண்மையான புள்ளியை அழுக்கென்று நீக்கினார்கள். நான் அழுக்கைப் புள்ளியென்று நம்பியிருந்தேன். சரிவைப் பார்க்காமல் அறிக்கை எழுதியிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

நானோ அமைப்புகளில் இன்னும் கவனம் தேவை. இரண்டாம் இசையத்துக்கும் இரண்டு ஃபோட்டான் ஒளிர்வுக்கும் சரிவு இரண்டுதான். அவற்றைப் பிரித்தறிய வேறு இரண்டு சோதனைகள் உண்டு. லேசரின் அலைநீளத்தை மாற்றினால் இரண்டாம் இசையமும் உடன் நகர்ந்து எப்போதும் சரிபாதியில் நிற்கும். ஒளிர்வோ பொருளின் நிறத்திலேயே நிற்கும். துடிப்பு போனவுடன் இரண்டாம் இசையமும் மறைந்துவிடும். ஒளிர்வோ, குவாண்டம் புள்ளிகளில், பத்து இருபது நானோ விநாடிகள் என்ற அளவில் நீடிக்கும். செறிவு மிகும்போது எலெக்ட்ரான்கள் நிரம்பிச் சரிவும் குறையலாம். ஆகவே ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

நமக்கு இதனால் என்ன?

இரவுச் சந்தையில் விற்கும் பச்சை லேசர் சுட்டுக்கோலில் பலவும் உள்ளே 1064 நானோமீட்டர் ஒளியை ஒரு படிகத்தால் பாதியாக்கியே பச்சையைத் தருகின்றன. மலிவான சுட்டுக்கோல்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிப்பான் இல்லாமல் போவதுண்டு. என் வரைபடத்தைக் கெடுத்த அதே கசிவு, அங்கே கண்ணைக் கெடுக்கும். தம்பி தங்கைகளின் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

மருத்துவத்திலும் இதற்கு இடமுண்டு. அகச்சிவப்பு, தோலுக்குள் கண்ணுறு ஒளியைவிட ஆழமாகச் செல்லும். 2003இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழுவினர் குவாண்டம் புள்ளிகளைக் குருதியில் செலுத்தி, உயிருள்ள எலியின் தோலைக் கீறாமலே நுண்குருதிக் குழாய்களை இரண்டு ஃபோட்டான் நுண்ணோக்கியால் கண்டனர். காட்மியம் நச்சுப்பொருள் என்பதால், மனித உடலுக்கு ஏற்ற வேறு பொருள்களைத் தேடும் பணி தொடர்கிறது.

நம் நாட்டுக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்கில் ஆலை தொடங்கியது முதல் குறைக்கடத்தித் தொழில் நம் நாட்டில் வேரூன்றி, பட்டதாரிகளுக்கு வேலை தந்துவருகிறது. சிலிக்கன் மேற்பரப்பில் மட்டுமே இரண்டாம் இசையம் பிறக்கிறது என்று மேலே கண்டோம். அக்குறையே அங்கே நிறை. உட்பகுதி அமைதியாக இருப்பதால், வரும் ஒளி முழுவதும் மேற்பரப்பின் நிலையைத்தான் பேசும். சில்லுகளின் மேற்பரப்பைத் தொடாமல் ஆராய இது உதவுகிறது.

தமிழகத்திலும் இத்துறை வளர்ந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையம் நேரியலற்ற ஒளியியல் படிகங்களுக்குப் பெயர் பெற்றது. கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகம் வளர்க்க 2005இல் வெளியிடப்பட்ட முறை, சங்கரநாராயணன்–ராமசாமி முறை என்று தமிழர் இருவரின் பெயராலேயே வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மீவிரைவு நிகழ்வுகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் அமைந்தது.

நிறைவாக

முகாமில் கேள்வி கேட்ட அந்தத் தம்பி இப்போது ஆறாம் ஆண்டில் இருப்பான். அடுத்த முகாமுக்கு அதே பள்ளிக்குப் போக விண்ணப்பித்திருக்கிறேன். இம்முறை ஒரு சிறிய ஒலிபெருக்கியைக் கையோடு எடுத்துச் செல்வேன். கலைச்சொல்லைக் கடைசியில்தான் எழுதுவேன்.

பயிற்சி

1. லேசரின் செறிவை 3 மடங்காக்கினால் இரண்டாம் இசைய ஒளி எத்தனை மடங்காகும்?

2. சராசரித் திறனும் துடிப்புகளின் எண்ணிக்கையும் மாறாமல், துடிப்பின் நீளம் மட்டும் 100 ஃபெம்டோ விநாடியிலிருந்து 200 ஆனால் இரண்டு ஃபோட்டான் ஒளி என்னவாகும்?

3. 700 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 1.77 எலெக்ட்ரான் வோல்ட். துத்தநாக ஆக்சைடின் இடைவெளியைத் தாண்ட எத்தனை ஃபோட்டான்கள் தேவை?

விடைகள்: 1. 9 மடங்கு. 2. பாதியாகும். 3. இரண்டு.